வாப்பிச்சாவின் கிளினிக் கொப்பி

எங்கள் வீட்டில் வாப்பாவின் வாப்பாவை வாப்பிச்சா என்றுதான் கூப்பிடுவோம். பூனாகலையில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே அவருக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. அரிசி, கோதுமை மா, கருவாடு, மண்ணெண்ணெய், றப்பர் செருப்பு, பிள்ளைகளின் கொப்பி, பென்சில் எல்லாம் ஒரே கடைக்குள். லயத்து மனிதர்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் சாமான் வாங்கிப் போவார்கள். சம்பளம் வந்த பிறகுதான் காசு. அதுவரைக்கும் எல்லாம் கடன் கொப்பியில் இருக்கும். வாப்பிச்சாவின் கையெழுத்தை வாப்பாவுக்கே வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரங்களில் அவருக்குக் கணக்குக் கூட்டிக் கொடுத்தது நான்தான்.

அந்தக் கட்டியை முதலில் கண்டது எங்கள் வீட்டில் யாரும் இல்லை. சீனி வாங்க வந்த மேல் லயத்துப் பெரியம்மாதான் கண்டார். "நானா, கழுத்துல என்னா இது, நெல்லிக்கா மாதிரி?" என்று கேட்டார். வாப்பிச்சா சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒண்டுமில்ல, குளிருக்கு வீங்கி ஈக்கி" என்றார். இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே இருக்கும் பள்ளத்தில் அது இருந்தது. தொட்டால் நோவில்லை. கல் மாதிரி அசையாமல் இருந்தது.

நான் அப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். வாப்பா கடையைப் பார்க்க வேண்டும், உம்மாவுக்குத் தம்பியோடு வேலை. அதனால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது. உண்மையில் எனக்கு அது பெருமையாக இருந்தது. கடன் கொப்பி மாதிரியே ஒரு புதுக் கொப்பி எடுத்து, அட்டையில் வாப்பிச்சாவின் பெயரை எழுதி, திகதி, இடம், வைத்தியர் சொன்னது, மருந்து என்று நான்கு கோடு போட்டேன். பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு இன்னொரு பஸ். பனியில் ஜன்னல் மூடிய பஸ்ஸில் வளைவுக்கு வளைவு எனக்குத்தான் வாந்தி வரும். வாப்பிச்சா பையில் இருந்து தேசிக்காய் எடுத்து மணக்கத் தருவார். நோயாளி யார் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

கழுத்தில் கட்டி என்றதும் எல்லோருக்கும் வந்த நினைவு காசநோய்தான். இல்லாவிட்டால் தொண்டை. வாலிபத்தில் சுருட்டுக் குடித்தவர் அவர். சளியைப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் கட்டியிலிருந்தே ஒரு சிறு துண்டு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று வைத்தியர் தாளைப் பார்த்தார், வாப்பிச்சாவைப் பார்த்தார், பிறகு கேட்ட கேள்வி எனக்குச் சம்பந்தமில்லாததாகப் பட்டது.

"இரவில் எத்தனை தடவை எழும்பிப் போவீங்க?"

சிங்களத்தில்தான் கேட்டார். வாப்பிச்சாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பதில் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "புள்ள, வெளிய போய் ஒரு சோடா வாங்கிட்டு வாங்க" என்றார். சோடா குடிக்காத மனிதர் அவர். நான் போத்தலோடு திரும்பி வரும்போது கதை முடிந்திருந்தது. கொப்பியில் எழுத வைத்தியரே ஒரு சொல்லைச் சொன்னார்: புரொஸ்டேட்.

அந்தச் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உள்ளது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் போகும் குழாயைச் சுற்றி இருக்கும். அங்கே வந்த புற்றுநோய் கழுத்துக்கு எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. வைத்தியர் மேசையில் இருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறிக் காட்டினார். உடம்பின் கீழ்ப்பாதியில் ஊறும் நிணநீர் எல்லாம் சின்னச் சின்னக் குழாய்களில் சேர்ந்து, நெஞ்சுக்குள் மேலே ஏறும் ஒரு பெரிய குழாயில் விழுகிறது. அந்தக் குழாய் இடது கழுத்தடியில்தான் இரத்த நாளத்தோடு சேர்கிறது. ஆகவே வயிற்றிலோ இடுப்பிலோ உள்ள புற்றுநோய்க் கலங்கள் அந்த வழியே வந்து, வாசலில் உள்ள நிணநீர்க் கணுவில் தங்கிவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதிய ஜெர்மனிய வைத்தியர் விர்கோவின் பெயரால்தான் அந்தக் கணுவை இன்றும் சொல்கிறார்கள். வயிற்றுப் புற்றுநோய்க்கு அது பெயர்போன அடையாளம். புரொஸ்டேட் புற்றுநோய் தன்னை முதன்முதலாகக் கழுத்தில் காட்டுவது குறைவு. ஆனால் உண்டு.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வாப்பிச்சாதான் எல்லோரையும் விடச் சுலபமாக விளங்கிக்கொண்டார். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இது புதிதில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, மழை நாளில் எங்கள் ஊரில் யாரும் மழையை மட்டும் பார்ப்பதில்லை. ஊற்று கலங்குகிறதா, சுவரில் வெடிப்பு வருகிறதா, தண்ணீர் வராத இடத்தில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். "மழ விழுந்த எடத்துல தண்ணி நிக்காது புள்ள. எங்கயோ எறங்கி எங்கயோ ஊத்தெடுக்கும்" என்றார்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்க வந்த பிறகுதான் இதில் மிச்சத்தைத் தேடி வாசித்தேன். இந்தப் புற்றுநோய் வழக்கமாகப் பரவும் இடம் எலும்பு. முள்ளந்தண்டு, இடுப்பெலும்பு, விலா. ரஷ்யாவின் துவா பகுதியில் அர்ஜான் என்னும் இடத்தில் 2,700 வருடங்களுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் அரசனின் எலும்புக்கூட்டில்கூட இந்த நோயின் அடையாளத்தைக் கண்டிருக்கிறார்கள். சதை எல்லாம் மண்ணான பிறகும் எலும்பு சாட்சி சொல்லியிருக்கிறது. ஏன் முள்ளந்தண்டு என்பதற்கு 1940இல் பட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ஒரு விளக்கம் கொடுத்தார். நாளங்களில் இரத்தம் திரும்பி வராமல் தடுக்க வால்வு இருக்கும் என்று நாம் படிக்கிறோம். இடுப்பையும் முள்ளந்தண்டையும் இணைக்கும் நாளப் பின்னலில் வால்வு இல்லை. இருமினால், முக்கினால் இரத்தம் எந்தப் பக்கமும் போகும். கலங்கள் இதயத்தையும் நுரையீரலையும் தொடாமலேயே முதுகெலும்புக்கு ஏறிவிடலாம்.

ஆனால் வழி இருப்பதால் மட்டும் பயிர் முளைத்துவிடாது. 1889இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, கலம் விதை என்றால் உறுப்பு மண், விதை எங்கும் போகும், ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தைச் சொன்னார். தவறணையில் தேயிலைக் கன்று வளர்ப்பவர்கள் நடுவில் பிறந்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே தாய்ச் செடியின் கன்று ஒரு மலையில் பிடிக்கும், பக்கத்து மலையில் கருகும்.

வழக்கத்துக்கு மாறான இடங்களும் நாம் நினைக்கும் அளவுக்கு அபூர்வம் இல்லை. புரொஸ்டேட் புற்றுநோய் இருந்த 1,589 ஆண்களின் பிரேத பரிசோதனைகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்களுள் 35 வீதமானோருக்கு நோய் இரத்தத்தின் வழியே பரவியிருந்தது. அப்படிப் பரவியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் எலும்பில் 90 வீதம். அதோடு நுரையீரலில் 46 வீதம், ஈரலில் 25 வீதம், சிறுநீரகத்தின் மேல் உள்ள அதிரீனல் சுரப்பியில் 13 வீதம். உயிரோடு இருக்கும்போது இவற்றுள் பல வெளியே தெரிவதில்லை. தோலில், மூளையின் உறையில், கண்குழியில் என்று இன்னும் குறைவாகக் காணப்படும் இடங்களும் இருக்கின்றன.

இதெல்லாம் பின்னால் வாசித்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஓர் எண்தான்.

புரொஸ்டேட் சுரப்பி பீஎஸ்ஏ என்று ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அது இரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். பொதுவாக 4க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பார்கள். வாப்பிச்சாவுக்கு முதல் தடவை 186. கொப்பியில் அதைச் சிவப்புப் பேனையால் எழுதினேன். இந்த நோய் ஆண் ஹோர்மோனைத் தின்று வளர்கிறது. அமெரிக்காவில் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் இதை நிரூபித்து, அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். ஆகவே அந்த ஹோர்மோனை நிறுத்துவதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி. முதல் ஊசிக்குப் பிறகு 186 பதினொன்றாக இறங்கியது. கழுத்துக் கட்டி கரைந்து, தடவினால்தான் தெரியும் என்றானது. அடுத்த தடவை 1.2. வாப்பிச்சா மறுபடியும் கடையில் உட்கார்ந்து கடன் எழுதத் தொடங்கினார்.

அந்த நாட்களில்தான் உம்மும்மா எனக்கு ஒரு விஷயம் சொன்னார். வாப்பிச்சா இரண்டு வருடமாகப் பள்ளிக்குப் போவது குறைந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். வயசு, குளிர், முழங்கால் என்று அவர் சொன்ன காரணங்களை நாங்கள் நம்பினோம். ஊரில் சிலர் வேறு மாதிரியும் பேசினார்கள், கடை வியாபாரம் பெரிதாகிவிட்டது என்று. உண்மை அதுவல்ல. சிறுநீர் அவருக்கு அடங்கவில்லை. வுழூ செய்துவிட்டு ஸஃப்பில் நிற்கும்போதே சொட்டு விழுந்துவிடும். இரவில் ஐந்து ஆறு தடவை டோர்ச் எடுத்துக்கொண்டு, பனியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்குப் போய் வருவாராம். உம்மும்மாவிடம்கூட, நெஞ்சு அடைக்கிறது, காற்று வாங்கப் போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம்.

சிறுநீர் அடங்காதவர் ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, வுழூ செய்து தொழுதால் போதும், இடையில் சொட்டு வந்தாலும் அந்தத் தொழுகை செல்லும் என்று மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்த பாடம் அது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி. பக்கத்து அறையில் இருந்த மனிதருக்கு அது தேவைப்பட்டது எனக்குத் தெரியாது. வாப்பா போய் மௌலவியிடம் கேட்டு வந்து சொன்ன பிறகு, அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பிச்சா ஜும்ஆவுக்குப் போனார். கடைசி ஸஃப்பில் வாசலோரமாக நின்றாராம்.

இரவில் எழும்புவதெல்லாம் புற்றுநோய் இல்லை. வயது போனால் அந்தச் சுரப்பி சும்மாவும் வீங்கும், அதுதான் கூடுதல். புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஆனாலும் அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள் யாரிடமாவது வாய் திறந்திருந்தால், கழுத்துக்கு வருவதற்கு முன் யாராவது பார்த்திருக்கலாம். வைத்தியர் கேட்ட முதல் நாளிலும் பக்கத்தில் நான் நின்றேன். பேத்தி முன்னால் அவர் எப்படிச் சொல்வார்? துணைக்குப் போன நானே தடையாக இருந்திருக்கிறேன். அடுத்த கிளினிக்குகளுக்கு வாப்பா கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனார்.

நான் விடுதிக்கு வந்துவிட்டேன். கொப்பியையும் கொண்டுவந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாப்பா தொலைபேசியில் எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன். ஒரு நாள் 0.6 என்றார். புள்ளி ஆறு! அன்று பின்னேரம் விடுதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் டொஃபி வாங்கிக் கொடுத்தேன். இதை வாசிக்கும் சிலர் அந்த டொஃபியைச் சாப்பிட்டிருப்பீர்கள்.

அதே அழைப்பில் வாப்பா இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். வாப்பிச்சாவுக்குச் சாப்பாடு செல்லவில்லை. தாடையில் கீழ்ப்பக்கம் மரத்துப் போயிருக்கிறது, தேத்தண்ணி ஒழுகினாலும் தெரியவில்லையாம். "பல்லா இருக்கும் வாப்பா" என்றேன் நான். கொப்பியில் அவற்றை எழுதவில்லை. அதற்குக் கோடு போட்டிருக்கவில்லை.

பல் பிடுங்கும் இடத்தில் பல்லில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஊரில் எல்லோரும் எண் நன்றாக இருக்கிறது என்பதையே பிடித்துக்கொண்டு நின்றோம். ஆறு கிழமை அப்படிப் போனது. அடுத்த கிளினிக்கில் தாடை மரத்த கதையை வாப்பா பேச்சுவாக்கில் சொன்னவுடன் வைத்தியர் பேனையைக் கீழே வைத்தாராம். பல்லில் காரணம் இல்லாமல் நாடி மரத்தால், தாடை எலும்புக்குள் நாம்பு ஓடும் இடத்தில் ஏதோ அழுத்துகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஸ்கேனில் தாடை எலும்பில் ஒரு இடம், ஈரலில் பல இடங்கள். எண் அப்போதும் ஒன்றுக்குக் கீழேதான்.

எப்படி? ஹோர்மோன் இல்லாத மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும்படி சில கலங்கள் மாறிவிடுகின்றன. மாறும்போது அவை தாம் பிறந்த சுரப்பியின் குணத்தையே விட்டுவிடுகின்றன. நரம்புக் கலங்களையும் ஹோர்மோன் சுரக்கும் கலங்களையும் போல ஆகி, பீஎஸ்ஏ உண்டாக்குவதை நிறுத்திவிடுகின்றன. இப்படிப்பட்டவை எலும்பை விட்டு ஈரல் போன்ற மெல்லிய உறுப்புகளுக்குப் போவது கூடுதல், வளர்வதும் வேகம். எண் குறைந்திருந்தது பொய்யில்லை. பழைய கலங்கள் அடங்கித்தான் இருந்தன. புதியவற்றைப் பற்றி அந்த எண்ணுக்குச் சொல்லத் தெரியாது. கடன் கொப்பியில் பெயர் இல்லாதவனின் கடனை எப்படிக் கூட்டுவது?

ஈரலிலிருந்து துண்டு எடுத்து அது அதுதான் என்று உறுதி செய்தார்கள். மகரகமைக்கும் ஒரு தடவை போனார்கள். பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ் அந்த வழியாகவே போகிறது, விடியப்புறம் இறங்கிவிடலாம். பிளாட்டினம் சேர்ந்த மருந்து கொடுத்தார்கள். இரண்டு தடவை ஏற்றிய பிறகு ஈரலில் இருந்தவை கொஞ்சம் சுருங்கின. அந்த மாதம் அவர் நன்றாகச் சாப்பிட்டார். மூன்றாவதற்கு உடம்பு தாங்காது என்றார்கள், அவரும் வேண்டாம் என்றார். வலிக்கு மோர்பின் சிரப் தந்தார்கள். அது கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்று எங்கள் சொந்தத்தில் ஒருவர் பயங்காட்டினார். வைத்தியர் சொன்ன அளவில் உம்மும்மா கொடுத்தார். அதன் பிறகுதான் வாப்பிச்சா மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

விடுமுறைக்குப் போயிருந்தபோது என்னைக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். நான் எண்கள் உள்ள பக்கத்தைத் திறந்தேன். "அது இல்ல. கட கொப்பி" என்றார். யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று என்னை வாசிக்கச் சொல்லி, சிலரின் பெயர் வந்ததும் "வெட்டுங்க" என்றார். மேல் லயத்துப் பெரியம்மாவின் பெயர் வந்தது. 3,400 ரூபாய். "வெட்டுங்க. கழுத்தக் கண்டது அவதானே" என்றார். மூன்று நாளில் சுபஹுக்குப் பிறகு வபாத்தானார். மழை பெய்துகொண்டிருந்தது. மேல் லயத்திலிருந்தும் கீழ் லயத்திலிருந்தும் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து, பள்ளிச் சுவரோரம் கடைசிவரை நின்றார்கள்.

தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாப்பாவுக்கு இப்போது 52 வயது. சென்ற விடுமுறையில் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். உம்மாவிடம் சொல்லிச் சொல்லவைக்கலாம் என்றும் நினைத்தேன். பிறகு இரவுச் சாப்பாட்டில் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"வாப்பா, ராவைக்கு எத்தன தடவ எழும்பிப் போறீங்க?"

தம்பி சிரித்தான். உம்மா என்னை முறைத்தார். வாப்பா கொஞ்ச நேரம் சம்பலைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். "ஒரு தடவ. சில நாளைக்கு ரெண்டு" என்றார். பிறகு தானாகவே, "அடுத்த செவ்வாக்கிழம பண்டாரவளைக்குப் போற வேல ஈக்கி. ரத்தம் குடுத்துட்டு வாறேன்" என்றார். செவ்வாய் அன்று அவர் முதல் பஸ்ஸுக்குப் போனார். நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பகல் வரைக்கும் சீனி நிறுத்தேன்.